மொறிஸ் மைனருக்கு ஒரே ஒரு சாரதி

இஞ்சாருங்கோ,

காருக்கு உறை போட இன்று பின்னேரம் கராஜுக்குள் போனேன். கார்க் கதவைத் திறந்ததும் அந்த மணம் முகத்தில் அடித்தது. பெற்றோல், பழைய றெக்சின் சீற், வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் பூசிப் பூசி ஊறிப்போன சந்தனம். உங்கள் சட்டைகளையெல்லாம் மகள் கனடாவுக்குத் திரும்பிப் போகுமுன் தோய்த்து யாருக்கோ கொடுத்துவிட்டாள். உங்கள் மணம் என்று இந்த வீட்டில் மிச்சமிருப்பது இங்கேதான். உறையைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். நேற்று நடந்ததை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நீங்கள் போன பிறகு என் தலையில் விழுந்த கரைச்சல்களில் பெரியது இந்த மொறிஸ் மைனர்தான். வங்கிக் கணக்கு, தண்ணீர், மின்சாரம் எல்லாம் சத்தமில்லாமல் என் பெயருக்கு மாறிவிட்டன. கார் மட்டும் அடம்பிடித்தது. பெயர் மாற்றிய கையோடு காப்புறுதியும் புதிதாக எடுக்க வேண்டும் என்றார்கள். உங்கள் காலத்தில் அது ஒரு விஷயமே இல்லை. சட்டம் கேட்கிறது என்பதற்காக மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஒன்று, கோயிலில் ஒரு வாகனப் பூசை, நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய். "மிச்சத்தைப் பிள்ளையார் பாப்பார்" என்பீர்கள். காலி வீதி நெரிசலில் பஸ்காரன் பின்னால் வந்து இடித்த அன்று பிள்ளையார் வேறெங்கோ போயிருந்தார். அந்தப் பம்பருக்காக நீங்கள் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் அலைந்து கறுத்துப்போய் வந்தது எனக்கு மறக்கவில்லை. எனக்கு அப்படி அலையக் கால் இல்லை. அதனால் ஒழுங்கான காப்புறுதி எடுப்பது என்று முடிவு செய்தேன். மகள் தொலைபேசியில், "வித்துப்போட்டு இஞ்ச வாங்கோ அம்மா" என்று ஒரே பாட்டு. காரை விற்றால் அடுத்தது வீடு, அதற்கடுத்தது நான். அதனால் பேச்சை மாற்றிவிட்டேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு காப்புறுதி முகவர் வந்தார். பொறுமையான மனிதர். சாதாரண முழுக் காப்புறுதி எடுத்தால் கார் நொறுங்கினாலும் அன்றைய சந்தை விலைதான் தருவார்களாம். "பழைய வண்டிக்குக் கழிச்சுக் கழிச்சுத்தான் போடுவாங்க அன்ட்டி. அந்தக் காசுல நீங்க இன்னொரு மைனர் தேட ஏலாது" என்றார். இன்னொரு வகையும் இருந்தது. எப்போதாவது மட்டும் ஓடுகிற பழைய கார்களுக்கானது. பெறுமதியை முதலே இரு பக்கமும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். குறைவாக ஓடுவதால் கட்டணமும் குறைவு. ஆனால் பூட்டிய கராஜில் நிற்க வேண்டும், வாடகைக்கு விடக்கூடாது, பெயர் போட்ட ஆள்தான் ஓட்ட வேண்டும். வேறு யாராவது ஓட்டி அடிபட்டால் ஒன்றும் கிடைக்காது.

"கல்யாணத்துக்குக் கில்யாணத்துக்கு வாடகைக்கு விடுவீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் கலியாணம் என்றால் பொம்பிளையை ஏற்றும் கார் எங்களுடையதுதான். ரிப்பன் கட்டி, பூச்சரம் போட்டு, நீங்களே வேட்டி சால்வையோடு காரை ஓடிக்கொண்டு போவீர்கள். பெற்றோலுக்குக்கூட ஒரு சதம் வாங்கமாட்டீர்கள். வாடகைக்கு விட்டிருந்தால் இன்னொரு கார் வாங்கியிருக்கலாம்.

"யார் ஓட்டப்போறது?" என்று கேட்டார்.

"நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு காரைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். உங்களுக்கு இது புதினமாக இருக்கும். நான் எத்தனை வருடம் கந்தோர் வேலைக்கு, எங்களிடம் முன்பிருந்த மற்றச் சின்னக் காரை ஓட்டிப் போய் வந்தவள். மைனர் என்றால் மட்டும், "அது உமக்குச் சரிவராது, கியர் பிடிவாதம்" என்பீர்கள். உங்களோடு குடும்பம் நடத்தினவளுக்குப் பிடிவாதம் பெரிய விஷயமா? ஸ்டார்ட் பண்ணாமல் விட்டால் பற்றரி செத்துப்போகும் என்று மெக்கானிக் பயம் காட்டியதால், ஞாயிறு காலைகளில் மரீன் டிரைவ் பக்கமாக மெல்ல ஓடிப் பழகினேன். முதலாம் கியர் இப்போது முறைத்துக்கொண்டாவது விழுகிறது. பொறாமைப்படாதீர்கள்.

முகவர் வந்து போன இரண்டொரு நாளில் அடுத்த வீட்டு சாந்தி தட்டத்தோடு வந்தாள். அவளுடைய மகள் கீர்த்தனாவுக்குக் கலியாணம்.

"அக்கா, பொம்பிளைக் கார் எங்கட கார்தானே? அண்ணை இருக்கேக்கையே சொன்னவர்" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காப்புறுதிக் கதையைச் சொல்லி, "பேர் போட்ட ஆள்தான் ஓடலாமாம். அதுக்கென்ன, நானே ஓடிக்கொண்டு வாறன்" என்றேன்.

சாந்தி தட்டத்தில் ஒழுங்காக இருந்த வெற்றிலையை எடுத்துத் திரும்ப அடுக்கினாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "உங்களுக்கு ஏன் அக்கா கரைச்சல். என்ர தம்பியின்ர பேரையும் அதில போட்டா என்ன?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொம்பிளை வெளிக்கிட்டு வாசலுக்கு வரும்போது முதலில் கண்ணில் படுவது முழுவியளம். நல்ல முழுவியளமாகச் சுமங்கலி ஒருத்தி நிறைகுடத்தோடு எதிரே வருவாள். அந்த நேரத்தில் பொட்டில்லாத நெற்றியோடு நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தால் எப்படி? சாந்தி கெட்டவள் இல்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் எனக்குச் சோறு கொண்டுவந்தவள் அவள்தான். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது.

முகவரைக் கேட்டேன். "தாராளமா போடலாம் அன்ட்டி. ரெண்டாவது டிரைவரா சேர்த்துவிட்டாப் போச்சு" என்றார். அவ்வளவு லேசான விஷயம். ஓம் என்று சொன்னால் சாந்தியின் தம்பி ஓட்டுவான், கார் போகும், ஊர் மகிழும். நான் கேற்றுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். உங்களுக்குப் பிறகு எத்தனை இடத்தில் இப்படி நின்றுவிட்டேன் தெரியுமா? இதே கீர்த்தனாவின் தாலிக்குப் பொன்னுருக்கு நடந்தபோது குசினிக்குள் போய்த் தேங்காய் துருவினேன். ஆலாத்தித் தட்டை எடுக்கும் நேரம் பார்த்துச் செருப்பைத் தேடினேன். யாரும் என்னைப் போகச் சொன்னதில்லை. சொல்ல முதலே போய்விடுவேன். அதுவே ஒரு வேலையாகிக் களைத்துப்போய்விட்டேன்.

அன்றிரவு உங்கள் அக்காவின் நினைவு வந்தது. மச்சாள் இளவயதில் புருஷனை இழந்து தனித்துப்போய் எங்களோடு வந்திருந்த காலம். ஹெவ்லொக் டவுனில் ஒரு சொந்தக்காரப் பிள்ளையைக் கலியாணத்துக்காகக் கோயிலுக்கு ஏற்றப் போகும்போது அவவை முன்சீற்றில் இருத்திக்கொண்டு போனீர்கள். பொம்பிளையின் மாமா உங்களை ஓரமாக இழுத்து ஏதோ குசுகுசுத்தார். நீங்கள் ஓரத்தில் நின்று பேசுகிற ஆளா? "முழுவியளம் பாக்கிற ஆக்கள் பஸ்ஸில வரலாம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுக் காரை ஸ்டார்ட் பண்ணினீர்கள். பஸ்ஸில் ஒருவரும் போகவில்லை. பின்சீற்றில் பொம்பிளையோடு நெரிந்துகொண்டு நான் இருந்தேன். மச்சாள் கோயிலடியில் இறங்கும்போது உங்கள் தோளைத் தொட்டுவிட்டு இறங்கினா.

எனக்கு உங்கள் வாய் இல்லை. சாந்தியிடம் அப்படிச் சொல்லவும் மனம் வராது. காலையில் முகவருக்கு எடுத்து, "வேறை பேர் வேண்டாம் தம்பி. என்ர பேர் மட்டும் காணும்" என்றேன். சாந்தியிடம் போய், "நான் ஓடுறதெண்டா கார் வரும். இல்லாட்டி வராது" என்றேன். "ஐயோ, கோவிக்காதேங்கோ அக்கா. நாங்கள் வாடகைக்கு ஒண்டு பிடிக்கிறம்" என்றாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பெரிய வீரம் செய்துவிட்டு அழுகிறவளைப் பார்த்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள்.

நேற்றுக் கலியாணம். மண்டபம் கொட்டாஞ்சேனையில். பொம்பிளையை ஏற்றிக்கொண்டு ஒரு பளபளத்த வெள்ளைக் கார் முதலே போய்விட்டது. அழைப்பு எனக்கும் இருந்ததுதானே? உங்களுக்குப் பிடித்த மாம்பழ நிறச் சேலையை உடுத்திக்கொண்டு மைனரை எடுத்தேன். அவ்வளவு தூரம் அதை ஓட்டியதில்லை. புறக்கோட்டை நெரிசலில் முச்சக்கரவண்டிகள் நாலு பக்கமும் நெருக்க, கிளட்சை மிதித்து மிதித்து முழங்கால் செத்துப்போனது. மண்டப வாசலுக்கு அருகிலேயே இடம் கிடைத்தது. நிற்பாட்டினேன்.

தாலி கட்டி முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது படம் பிடிக்க வந்த சிங்களப் பையன் மைனரைக் கண்டுவிட்டான். அவனுக்குத் தலைகால் தெரியவில்லை. பொம்பிளை மாப்பிள்ளையைக் கூட்டிவந்து பொனற்றில் சாய்த்து நிறுத்தினான். கீர்த்தனா என்னைப் பார்த்து, "அன்ரி, எங்கட கார் வந்திட்டுது!" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தாள். சாந்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கதவடியில் நின்றேன். பையன் கமராவைக் கண்ணில் வைத்தபடி என்னிடம், "ஆன்ட்டி, பொட்டக் அயின் வென்ன" என்றான். கொஞ்சம் ஒதுங்கட்டாம். பாவம், அவனுக்கு முழுவியளமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. படத்துக்குள் நான் இடைஞ்சல், அவ்வளவுதான். ஒதுங்கினேன்.

அந்தக் கலியாண அல்பத்தில் கார் இருக்கும். நான் இருக்கமாட்டேன். இது எனக்கு நோகிறது. நோகவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் படம் எடுத்து முடிந்ததும் எல்லோரும் விலக, கதவைத் திறந்து ஏறி, அந்தக் காரை அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்தவள் நான்.

திரும்பும்போது மண்டப ஒழுங்கையிலிருந்து பெரிய வீதிக்கு ஏற வேண்டியிருந்தது. அந்தக் காரில் இடதுபக்கம் சரியாகத் தெரியாது. சந்திக்குச் சந்தி நீங்கள் "வரலாமோ?" என்று கேட்பீர்கள், நான் எட்டிப் பார்த்து "வரலாம்" என்பேன். எங்கள் முழுத் தாம்பத்தியத்திலும் நீங்கள் என் சொல்லை மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான். நேற்று நானே "வரலாமோ?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். கழுத்தை நீட்டி இடதுபக்கம் பார்த்தேன். "வரலாம்" என்றேன். ஏறிவிட்டேன்.