மூன்றாவது கோடையும் போயிற்று

மே 6

அன்புள்ள கம்பவுண்டரம்மாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். போனில் "சாப்டாச்சா", "ஆச்சு" என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் இந்தக் கோடைக்கும் கடிதம்தான். விடுதியில் அதே அறை, ஆடுகிற அதே கட்டில்.

இசை ஆசிரியர்களுக்கான முதுகலைப் படிப்பு என்று பெயர்தான் பெரிது. இங்கே வாசிக்கத் தெரிந்த வாத்தியத்தைத் தொடவே கூடாது. கற்றுக்கொள்கிற பிள்ளையின் அவஸ்தை வாத்தியாருக்கு மறக்கக் கூடாதாம். இத்தனை வருடம் வயலின் சொல்லிக்கொடுத்தவன் இந்த முறை டிரம்பெட்டோடு மல்லுக்கட்டுகிறேன். நேற்றும் காற்றுதான் வந்தது. "சார், எடுத்த எடுப்புல பாட்டுக்குப் போகாதீங்க, முதல்ல மூச்சு விடுங்க" என்கிறார் பேராசிரியை.

கல்யாணமானதிலிருந்து உனக்கு ஓர் ஊரில் வேலை, எனக்கு ஓர் ஊரில். சேர்ந்திருக்க இந்த விடுமுறை ஒன்றுதான் இருந்தது. மூன்றாவது வருடமாக அதையும் படிப்பு தின்றுவிட்டது. பட்டம் வந்தால் உன் ஊருக்கே மாற்றல் கிடைக்கும். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் வாத்தியார்

மே 19

அன்புள்ள வாத்தியாருக்கு,

கோபமெல்லாம் முதல் வருடத்தோடு சரி. அந்தக் கோடையில் ஆளில்லாத வீட்டுக்குள் வரப் பிடிக்காமல், பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வருவேன். உங்களிடம் சொன்னதில்லை. இப்போது நேரே வந்துவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் "மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா" என்கிற கேள்விக்கே நாளெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்து கதவைச் சாத்தினால், அப்பாடா என்று இருக்கிறது.

உங்கள் வயலின் நோட்ஸ் ஸ்டாண்டு நின்ற மூலையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுகிறது. சும்மா, தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

பக்கத்து அறைக்காரரிடம் அடி வாங்காமல் ஊதுங்கள்.

உங்கள் கம்பவுண்டர்

ஜூன் 14

என் கம்பவுண்டரம்மாவுக்கு,

தேறிவிட்டேன். டிரம்பெட்டும் வாய் திறந்துவிட்டது. மாற்றல் உத்தரவும் வந்தாயிற்று. உன் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மூட்டை முடிச்சோடு வந்து இறங்குகிறேன். இனிமேல் என்னை விரட்டினாலும் போக மாட்டேன்.

தையல் மிஷினைப் பின் அறைக்கு மாற்றிவிடலாம். நீ தூக்காதே, இடுப்புப் பிடித்துக்கொள்ளும். நான் வந்து நகர்த்துகிறேன்.

உன் வாத்தியார்

ஜூன் 18

வாத்தியாருக்கு,

கடிதத்தைப் படித்ததும் சந்தோஷம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். அழுகைதான் வந்தது.

நீங்கள் பாடுபட்டது எனக்காகத்தான். தெரியும். உங்கள் மேல் வெறுப்பில்லை, வேறு யாரும் இல்லை. ஆனால் மூன்று வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு தனியாக இருக்கப் பழகினேன். பழகியபின் அதுவே பிடித்துவிட்டது. மிஷினை நகர்த்த வேண்டும் என்று படித்தபோது, யாரோ என் கையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. வராதீர்கள் என்று எழுதக் கை வரவில்லை. வாருங்கள் என்று எழுதவும் வரவில்லை. என்ன மனுஷி இவள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கம்பவுண்டர்

ஜூன் 23

அன்புள்ள கம்பவுண்டரம்மாவுக்கு,

முதலில் கோபம் வந்தது. பிறகு உன் மே மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். கடைசி நிறுத்தம் வரை நீ பஸ்ஸில் போனதை எழுதியிருந்தாய். அதற்கு நான் ஒரு வரி பதில் எழுதவில்லை. மிஷினை நகர்த்தத்தான் எழுதினேன்.

புதுப் பள்ளிக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை பார்த்துவிட்டேன். மூட்டை முடிச்சு அங்கேதான் இறங்கும். ஜன்னலைத் திறந்தால் சுவர். பரவாயில்லை, எனக்கும் தனியாக இருந்து பழக்கம்தான்.

ஞாயிறு மாலை வந்து மணியை ஒரு தடவை அடிக்கிறேன். திறக்கத் தோன்றாவிட்டால் விட்டுவிடு. அடுத்த ஞாயிறு வருகிறேன். வயலின் பெட்டியை எடுத்து வர மாட்டேன். மிஷின் அங்கேயே இருக்கட்டும்.

நீலச் சட்டையில் தோள்பட்டைத் தையல் விட்டிருக்கிறது. கொண்டுவரட்டுமா?

வாத்தியார்