நம்பி இறங்கும் தாராக்கள்

லா சப்பல், பாரிஸ்
10.10.2013

அன்புள்ள அம்மாவுக்கு, தவசீலன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம். குளிருக்குச் சப்பாத்தும் வாங்கிவிட்டேன்.

ஒரு புதினம். எங்கள் உணவகத்து வெள்ளைக்கார முதலாளி தாரா வாத்து வேட்டைக்குப் போகிறவர். நான் குளக்கரையில் வளர்ந்தவன் என்பதால், தாராவைப் போலக் கத்தும் மரக்குழல் ஒன்றைத் தெரிவுசெய்ய என்னையும் கடைக்குக் கூட்டிப்போனார். கையால் கடைந்த குழல்களைக் கடைக்காரர் ஒவ்வொன்றாக ஊதிக் காட்டினார். பெலத்துக் கத்தியவற்றை விட்டு, மெல்லக் கரகரத்த ஒன்றைக் காட்டினேன். முதலாளிக்குச் சரியான புளுகம், முகமெல்லாம் சந்தோசம். "இதைக் கேட்டால் எந்தத் தாராவும் நம்பி இறங்கும்" என்றார். நானும் சிரித்தேன்.

பிறகு, கோப்பை கழுவும்போதுதான் போரின் கடைசி நாள் நினைவுக்கு வந்தது. "பயப்பிடாமல் வாங்கோ, ஒண்டும் செய்யமாட்டம்" என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டதும் மெல்லிய குரல்தான். அண்ணை நம்பித்தானே போனார், இன்னும் திரும்பவில்லை.

அதை விடுங்கள். யாராவது இஞ்சை வந்தால் கூழ் காய்ச்சக் கொஞ்சம் பனங்கிழங்கு ஒடியல் மா கொடுத்துவிடுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் அம்மா: அண்ணையைப் பற்றிச் சேதி இருக்கிறது என்று யாராவது வாசலில் அன்பாகக் கூப்பிட்டால் கதவைத் திறக்காதீர்கள். அண்ணையின் குரல் மாதிரியே இருந்தாலும், முதலில் முகத்தைப் பாருங்கள்.

உங்கள் சின்னவன்