நான்காம் பாடத்தில் நிற்கிறான் உன் அப்பா

என் செல்லப் பேத்திக்கு,

பாட்டி எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? எனக்கு இந்த முழங்கால் வலி மட்டும் போக மாட்டேன் என்கிறது. மற்றபடி குறையில்லை. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் இந்த வீட்டில் இருமினாலே அடுத்த அறைக்குக் கேட்கும். இது உன் அப்பா காதில் விழக் கூடாத விஷயம். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் கையெழுத்து, பொறுத்துப் படி.

நீ ஆபீசில் பத்துப் பேருக்கு மேலதிகாரி ஆகிவிட்டாய் என்று பால்காரர் வரைக்கும் சொல்லிவிட்டேன். போதும் அத்தை, அவருக்கே மனப்பாடம் ஆகிடுச்சு என்கிறாள் உன் அம்மா. ஆகட்டுமே.

வேலைக்குத் தயாராக என்று நீ சேர்த்துவிட்ட ஆன்லைன் வகுப்பில் உன் அப்பா அக்கறையாகத்தான் உட்காருகிறான். பேட்டிக்குப் பேசிப் பழகும் பாடத்துக்கு இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரின தலை. கேமராவில் தெரியாது என்று கீழே கிழிந்த பைஜாமா. பாருங்க, மேல்பாதிக்கு மட்டும்தான் சம்பளம் தருவாங்க என்று உன் அம்மா கேலி செய்தாள். அவனும் சிரித்தான்.

மூன்று பாடம் மளமளவென்று முடித்தவன் நான்காவதில் நின்றுவிட்டான். அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார் என்று உனக்குத் தகவல் வருகிறதாமே. இப்படிச் சோம்பேறித்தனம் பண்ணினா கிடைக்கப்போற ஆஸ்பத்திரி ஸ்டோர் வேலையும் கைவிட்டுப் போயிடும் என்று அம்மாவிடம் கோபப்பட்டாயாம். சோம்பேறித்தனம் இல்லை, கண்ணு.

இத்தனை வருஷ வேலையில் நீங்கள் சாதித்தது என்ன என்று அந்தப் பாடத்தில் வாத்தியார் கேட்கிறார். உங்கள் வேலையை நேரில் பார்த்த ஒருவரைக் கேட்டு எழுதி அனுப்ப வேண்டுமாம். அனுப்பினால்தான் அடுத்த பாடம் திறக்கும். அவன் ஸ்டோர் பார்த்த பெயிண்ட் கம்பெனியை மூடின பிறகு கூட வேலை பார்த்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். பழைய சூப்பர்வைசர் போனையே எடுக்கவில்லை. நான் சொல்றேன், எழுதிக்கோடா என்றேன். நீ அந்த கேட்டைக்கூடத் தாண்டினதில்லையேம்மா, பெத்தவ சொன்னா ஒத்துக்குவாங்களா என்றான். நியாயம்தான்.

நீ தாண்டியிருக்கிறாய். உன் அம்மாவுக்குச் சாயங்கால ஷிப்ட் இருந்த நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் அவன் ஸ்டோரில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாய். சீருடையில் நீலப் பெயிண்டோடு வந்து நிற்பாய். உன் மகளையே கேளேன்டா என்று சொன்னேன். டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்குப் பெட்டியைப் பூட்டிக்கொண்டே, ஏதோ ஆத்திரத்தில், வாழ்க்கையில நீங்க என்னத்தப்பா சாதிச்சீங்க என்று அவனைக் கேட்டாய். நீ விமானம் ஏறுவதற்குள் மறந்திருப்பாய். வாத்தியார் அதே கேள்வியைக் கேட்கிற இடம் வந்ததும் அவன் வீடியோவை நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடுகிறான்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாதக் கடைசிக்குள் சான்றிதழ் காட்டினால்தான் ஆஸ்பத்திரியில் கூப்பிடுவார்களாம். அவனாக உன்னைக் கேட்க மாட்டான். நீயே கூப்பிடு. வகுப்பைப் பற்றிப் பேசாதே, நான் எழுதினேன் என்றும் மூச்சு விடாதே. அந்த ஸ்டோரில் உட்கார்ந்து நீ கண்ணால் பார்த்ததைச் சொல்லு. ஜோடிக்க வேண்டாம், பார்த்ததே போதும். எழுத வேண்டியதை அவன் எழுதிக்கொள்வான்.

எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் நீ நிமிர்ந்து உட்கார வேண்டும், கண்ணு. உன்னைப் பெற்றவனும் அப்படி உட்கார வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

உன் நல்லதையே நினைக்கும்,
பாட்டி