நாற்பது கண்டாங்கிச் சேலைகள்

கோவில்பட்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் முத்துசெல்விக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்பு தேவலை, பிரஷர் மாத்திரையை விடாமல் போடுகிறேன். அபுதாபியில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று செண்பகவல்லித் தாயைத் தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். போன் இருக்க எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டியாம்மா என்பாய், நான் ஆச்சுட்டி என்பேன், அதோடு முடிந்துபோகும். இது போனில் சொல்ல வராது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளிர் குழுவில் நாற்பது பேர் பஸ் பிடித்து மதுரைக்குத் திருமலை நாயக்கர் மஹால் பார்க்கப் போனோம். குழுத் தலைவி சுந்தரேஸ்வரிக்கு எப்போதும் ஏதாவது கூத்து வேண்டும். எல்லாரும் அரக்குக் கண்டாங்கி எடுத்து அந்தக் காலத்துப் பின்கொசுவம் வச்சுக் கட்டணும், அப்பந்தான் போட்டோ எடுப்பா இருக்கும் என்று சொல்லிவிட்டாள். எங்கள் தெருப் பக்கம் அப்படிக் கட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். விடியுமுன்னே நம் வீட்டில் பதினெட்டுப் பேர் வந்து நின்று, வள்ளித்தாயக்கா எனக்கு, எனக்கு என்று ஒரே கூச்சல். கை ஓய்ந்துபோனது, ஆனாலும் மனசு நிறைந்து கிடந்தது. உன் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அத்தனை சத்தம் கேட்டதில்லை.

மஹாலில் அம்மாடி, எத்தனை பெரிய தூண்! எங்கள் குழுப் பாண்டியம்மாளும் நானும் கை கோர்த்தும் ஒரு தூணைச் சுற்றிப் பிடிக்க முடியவில்லை. எல்லாரும் ஜோடி ஜோடியாகப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், நான் அவர்கள் பைகளை வைத்துக்கொண்டு நின்றேன். கயத்தாற்றிலிருந்தும் ஒரு கூட்டம் வந்திருந்தது. அவர்களும் நாங்கள் எடுத்த அதே கடையில் எடுத்திருக்கிறார்கள், அதே அரக்குக் கண்டாங்கி. கிளம்பும் நேரம் என் கொசுவம் நழுவியதால் ஒதுங்கிச் சரிசெய்துவிட்டு வந்தேன், அதற்குள் எங்கள் பஸ் போய்விட்டது. கயத்தாற்று வெயிலம்மாள் என்பவள் தன் பஸ் என்று நினைத்து எங்கள் பஸ்ஸில் ஏறி என் சீட்டில் தூங்கிவிட்டாளாம். சுந்தரேஸ்வரி சேலையைப் பார்த்துத் தலையை எண்ணியிருக்கிறாள், நாற்பது சரியாக இருக்கவும் ரைட் கொடுத்துவிட்டாள். என் போனும் பையும் அந்த பஸ்ஸோடு போய்விட்டன.

திரும்பி வருவார்கள் என்று வாசலிலேயே நின்றேன், வரவில்லை. கயத்தாற்றுக்காரர்கள்தான் வெயிலம்மாளைத் தேடி மஹால் முழுக்க அலைந்தார்கள். அவள் மருமகள் வாட்ச்மேனிடம், எங்கத்தை இங்கனதான நின்னாவ, எங்க போனாவன்னு தெரியலையே என்று அழுதாள். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை, அதைப் பார்த்ததும் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்த வெயிலம்மாள் மேல் பொறாமையாக இருந்தது. மருமகள் விடாமல் போன் அடிக்க, விருதுநகர் பக்கத்தில் அவள் விழித்து எடுத்தாள். அப்போதுதான் எங்கள் ஆளில் ஒன்று குறைவது சுந்தரேஸ்வரிக்கு உறைத்திருக்கிறது. யார் குறைகிறது என்று கண்டுபிடிக்கச் சாத்தூர் வரைக்கும் ஆனதாம். எல்லார் பேரும் சொல்லிப் பாத்தோம்க்கா, ஒங்க பேரு மட்டும் ஒருத்தருக்கும் தோணல என்று மறுநாள் பாண்டியம்மாள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன்.

என்னைக் கயத்தாற்று பஸ்ஸில்தான் கூட்டிவந்து நம் ஊரில் இறக்கிவிட்டு, வெயிலம்மாளை ஏற்றிக்கொண்டு போனார்கள். என் போனும் பையும் அங்கேயே கைக்கு வந்துவிட்டன. வரும் வழியில் அந்த மருமகள், ஒங்க வீட்டுல தேடுவாவளே, நம்பர் சொல்லுங்க, நான் சொல்லிருதேன் என்றாள். உன் நம்பர் எனக்கு மனப்பாடம். லீவு நாள், பிள்ளையோடு இருப்பாய், அதைக் கெடுப்பானேன் என்று, யாரும் தேட மாட்டாவம்மா என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தேன்.

உன்னை வரச் சொல்லி எழுதவில்லை. மாப்பிள்ளை வேலையும் பேரன் படிப்பும் எனக்குத் தெரியாதா. பிள்ளையை ஏசிக்கு நேரே படுக்கப் போடாதே, சனிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் வை. எனக்கு ஒன்றே ஒன்று செய். நம் ஊர் நேரம் காலை எட்டு மணிக்குத் தினமும் ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம், உனக்கு ஆயிரம் ஜோலி. நானும் திருப்பி ஒன்று கொடுப்பேன். என்னிடமிருந்து வராத அன்றைக்கு எதிர்க்கடை ரஹீம் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, அம்மாவைப் போய்ப் பாருங்கள் என்று சொல். அவரிடம் வீட்டுச் சாவி ஒன்று கொடுத்து வைத்திருக்கிறேன்.

மூவரும் தீர்க்காயுசாக, குறைவில்லாமல் இருங்கள். கடுதாசி உன் கைக்கு என்றைக்கு வந்து சேருமோ தெரியாது, நாளைக் காலையிலிருந்தே போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா,
வள்ளித்தாய்