கீழே கிடந்த முள்

மார்ச் 8

குட்டியின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. நேற்று வெள்ளிக்கிழமை, குட்டியைக் கால் பயிற்சிக்காக மலைக்கு அந்தப் பக்கமுள்ள ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கட்டுப் பிரித்த காலோடு அவளால் பஸ் படி ஏற முடியாது. இந்தக் கிழட்டுக் காரை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை.

ஏற்றத்தில் அந்தச் சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டியது. எனக்கு உயிரே போய்விட்டது. போன வருடம் ஆவி அடித்து உங்கள் கை வெந்ததுதான் கண்முன் வந்தது. நான்கைந்து இடத்தில் நிறுத்தினேன், ஒருமுறை ஒதுங்க இடமே இல்லாத வளைவில். பின்னால் வந்த லாரிக்காரர், "சாகறதுக்கு வேற எடம் கெடைக்கலையாம்மா?" என்று கத்தினார். நேரம் தவறி வந்ததற்கு ஆஸ்பத்திரியில் தனியாகத் திட்டு.

"முள் எங்கடி இருக்கு, பாரு" என்று கேட்டுக் கேட்டுக் குட்டிக்கும் பயம் ஒட்டிக்கொண்டது. அது எங்கே இருந்தால் நல்லது, எங்கே இருந்தால் கெட்டது, எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். சிரிக்க வேண்டாம்.

உங்கள் மனைவி


மார்ச் 12

என் பயந்தாங்கொள்ளிக்கு,

சிரித்துவிட்டேன். வேலைக்கு வந்த இந்தக் கூடாரத்தில் போனும் கிடையாது, பேச்சுத் துணையும் கிடையாது. நாள் முழுக்க ஜீப் ஓட்டிவிட்டு, புதன்கிழமை சாமான் லாரி எப்போது உன் கடிதத்தோடு வரும் என்று பார்த்துக் கிடக்கிறேன்.

கேள். வண்டியை எடுக்கும்போது முள் அடியில் கிடக்கும். பத்து நிமிடம் ஓட்டினால் மெல்ல எழுந்து நடுவுக்கு வந்து உட்காரும். நம் வண்டிக்கு அதுதான் இயல்பு. ஏற்றத்திலும் நெரிசலிலும் ஒரு கோடு ஏறும், பிறகு தானாக இறங்கும். அதற்கெல்லாம் நிறுத்தாதே. சிவப்பை நெருங்கினால் மட்டும் ஓரங்கட்டி இஞ்சினை அணைத்துவிடு. ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதே. என் கை வெந்தது போதும்.

மேலே போனால்தான் கவலை. கீழே கிடந்தால் நிம்மதியாக ஓட்டு. பயப்படாதே. குட்டிக்கு முத்தம்.

உன் பயில்வான்


மார்ச் 23

பயில்வானுக்கு,

இந்த வெள்ளிக்கிழமை ஒரே மூச்சில் மலை ஏறிவிட்டேன். முள் ஒரு கோடு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். நீங்கள் சொன்னபடியே இறங்கியது. திரும்பி வரும்போது, வீட்டை நெருங்குகிற சமயத்தில், தானாகவே அடிக்குப் போய்ப் படுத்துவிட்டது. நேற்றும் இன்றும் கடைக்குப் போனேன், எழுந்திருக்கவே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்பதில் குட்டியைவிடத் தேவலை.

ஹீட்டரில்தான் சூடு வரவில்லை. "காலெல்லாம் சில்லுனு இருக்கும்மா" என்று அவள் முனகுகிறாள். வண்டி நிற்கும் இடத்தில் பச்சையாக ஏதோ ஈரம் வேறு. மாடிவீட்டு அக்கா செடிக்கு மருந்து அடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் பயமில்லாமல் கார் ஓட்டுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை பாட்டுப் பாடிக்கொண்டே மலை ஏறப் போகிறோம்.

உங்கள் மனைவி


மார்ச் 26

தாயே, காரை எடுக்காதே.

அந்தப் பச்சை ஈரம் செடி மருந்து இல்லை. இஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் அது. முள் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். தண்ணீர் இறங்கிப்போனால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் கீழே விழுந்து கிடக்கும். ஹீட்டர் சில்லென்று இருப்பதும் அதனால்தான். உள்ளே இஞ்சின் வெந்துகொண்டிருக்கும், முள் தூங்கும். பாதி மலையில் இஞ்சின் இறுகி நின்றுவிடும், அந்த வளைவில், பின்னால் லாரிகளோடு.

கீழே கிடந்தால் நிம்மதி என்று எழுதியவன் நான். எந்தப் புத்தியில் எழுதினேனோ.

லாரி நாளைக் காலைதான் புறப்படும். இது உன் கைக்கு வர சனிக்கிழமை ஆகும். நீ வெள்ளிக்கிழமை போகிறாய். அது தெரிந்தும் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. லீவு கேட்டேன். மாற்று ஆள் வராமல் நகரக்கூடாது என்கிறார் அதிகாரி. நானே லாரியில் ஏறி வந்தாலும் சனிக்கிழமைதான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.


மார்ச் 29

குட்டியின் அப்பாவுக்கு,

முதலில் இதைப் படியுங்கள்: குட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறாள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நேற்றுப் புறப்பட்டோம். பாட்டும் பாடினோம். மலையடிவாரம் வந்தபோது பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது, முள் அப்படியே கிடந்தது. நடுவுக்கு வந்து உட்காரும் என்று எழுதியிருந்தீர்களே, ஏன் வரவில்லை என்று ஒரு சின்ன உறுத்தல். பயில்வானே கீழே கிடந்தால் நிம்மதி என்று சொல்லிவிட்டார், பேசாமல் போ என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு, முதல் வளைவுக்கு முன்னால் இருக்கும் பஞ்சர் கடையில் ஒதுங்கினேன்.

கடைக்காரர் ஆறவிட்டு மூடியைத் திறந்தார். "ஒரு சொட்டு தண்ணி இல்லம்மா. முள் எப்படி எந்திரிக்கும்?" என்றார். "மேல ஏறியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டேன். அவர் குட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு மூடியை இறுக்கினார். அங்கேயே குட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேன். "விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவளுக்கு வெட்கம்.

கார் கடையிலேயே நிற்கிறது. வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தோம், அவளை நான் தூக்கி ஏற்றினேன்.

இன்று உங்கள் கடிதம் வந்தது. எல்லாக் கடிதத்திலும் எழுதும் "பயப்படாதே" இதில் இல்லை. கீழே கையெழுத்துக்கூட இல்லை. இத்தனை வருடமாக இந்த வீட்டில் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த லாரி புதன்கிழமைதான் அங்கே வரும். அதுவரை நாங்கள் இருக்கிறோமா இல்லையா என்று தெரியாமல் அந்தக் கூடாரத்தில் எப்படி இருப்பீர்கள்? நேற்று பஞ்சர் கடையில் பயந்ததைவிட இதை நினைத்தால்தான் இப்போது அதிகம் பயமாக இருக்கிறது. சாப்பிடுங்கள். தூங்குங்கள்.

உங்கள் பயந்தாங்கொள்ளி