பெல்ட் போட்ட பூசணிக்காய்

புதுச்சேரி,
24.11.2007

அன்பு மகள் தீபலட்சுமிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை செம்மலும், யாழினியும் அமுதனும் பிரான்சில் அந்த லியோன் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் எங்கள் முதல் பேச்சு. இங்கே ஒரு வாரமாக மழை, முத்தியால்பேட்டையில் நம் தெருவில் வழக்கம்போல் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்தது. வீட்டுக்குள் வரவில்லை, கவலைப்படாதே. போனில் நீ வண்டி என்ன ஆயிற்று என்று கேட்டபோது கடிதத்தில் எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். எனக்குப் போனில் எதையும் வரிசையாகச் சொல்ல வராது, நீ அந்தப் பக்கம் ஒரு கேள்வி கேட்டால் நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். நடந்தது சின்ன விஷயமாக இருந்தால் அப்படியே சொல்லியிருப்பேன். சின்ன விஷயமா பெரிய விஷயமா என்பதே எனக்கு இன்னும் தெளியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வேலையாக வேறொரு நாட்டுக்குப் போகிற ஆறு மாதமும் பிள்ளைகளோடு இங்கே வந்து இருக்கிறேன், ஆனால் குழந்தைகளின் இரண்டு கார் சீட்டும் சரியாகப் பொருந்துகிற வண்டி அமையாவிட்டால் சென்னையில் நாத்தனார் வீட்டிலேயே தங்கிவிடுவேன், அவர்கள் வண்டியில் பின்னாலும் பெல்ட் இருக்கிறது என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அந்த வரியை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "இவளைத் தூக்கிக்கினு கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ்சுல எத்தினி தடவை போயிருப்பேன், ஒரு தடவையாவது கீழ போட்டேனா? என் மடியவிட அந்தப் பிளாஸ்டிக் நாக்காலி ஒசத்தியாப் பூடுச்சா" என்று கேட்டாள். உன் பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றியது, அவள் பக்கமும் இருப்பதாகத் தோன்றியது, என் சுபாவம்தான் உனக்குத் தெரியுமே.

மாப்பிள்ளையின் நண்பர் கமலக்கண்ணன் விமானத்தில் கொண்டுவந்த இரண்டு சீட்டையும் சாப்பாட்டு மேசைமேல் வைத்துப் பிரித்தேன். எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு முடிவெட்டுகிற கடை வைக்கப் போகிறீர்களா என்று கேட்டார். கூடவே இருந்த விளக்கப் புத்தகம் முழுவதும் பிரெஞ்சு. பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை நான் கடைசியாக எப்போது பயன்படுத்தினேன் என்று நினைவில்லை, பழைய அகராதியைத் தூசி தட்டி எடுத்து வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குள் ஒரு மாதிரி ஆகிவிட்டது, தீபா. தோள் பட்டை வருகிற துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மேலே போகின்றன, பிள்ளை உயர உயரப் பட்டையையும் உயர்த்திக்கொள்ளலாம். பிள்ளை வளரும் என்று அந்த நாற்காலிக்குத் தெரிந்திருக்கிறது. அமுதனைப் பார்த்தே இராத யாரோ ஒருவர், எந்த ஊரிலோ உட்கார்ந்து, அவன் தலை தூக்கத்தில் எந்தப் பக்கம் சாயும் என்பதுவரை யோசித்து இரண்டு பக்கமும் பஞ்சு வைத்திருக்கிறார். நான் அவனுக்குத் தாத்தா, இதில் கால் பங்குகூட யோசித்ததில்லை.

அதன்பிறகு வண்டி தேடினேன். நம் பக்கத்துத் தெரு கோவிந்தராசு, வாடகைக் கார் ஓட்டுகிறவர், நீங்கள் இருக்கிற வரைக்கும் நம் வண்டியை ஓட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார், அவரைக் கூட்டிக்கொண்டு, ஒரு சீட்டையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு அலைந்தேன். தவளக்குப்பத்தில் பார்த்த வண்டியில் பின்னால் இருக்கை பக்கவாட்டில் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தது, அதில் எந்தச் சீட்டும் நிற்காது. இன்னொன்றில் பெல்ட் இருந்தது, ஆனால் இடுப்புக்கு மட்டும். புத்தகத்தில் தோளுக்கும் இடுப்புக்கும் சேர்ந்து வருகிற பெல்ட் வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. விற்க வந்தவர் கோவிந்தராசுவிடம், "சாரு வண்டி வாங்க வந்தாரா, நாக்காலிக்குப் பொண்ணு பாக்க வந்தாரா" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஆனாலும் நாடாவைச் சுருட்டிப் பையில் வைக்கிற வரை அளந்துகொண்டுதான் இருந்தேன்.

மூன்றாவதாக மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை வைத்திருக்கிற கலியமூர்த்தி என்பவரின் வேன். வண்டியின் கம்பெனிப் பெயரை எழுதினால் மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் தேடி ஏதாவது குறை கண்டுபிடிப்பார், வந்து நேரில் பாருங்கள். ஏழு பேர் தாராளமாக உட்காரலாம், பக்கக் கதவு தள்ளித் திறப்பது, நம் சந்தில் சுவரில் இடிக்காது. குனிந்து முதுகு நோகாமல் பிள்ளையைத் தூக்கி வைக்கலாம். ஆனால் நடு வரிசையில் பெல்ட்டைக் காணோம். மனசில்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது, ஜன்னல் ஓரக் கம்பத்திலிருந்து ஒரு கறுப்புப் பட்டை இறங்கி சீட் கவருக்குள் போய் மறைந்ததைப் பார்த்த ஞாபகம். அங்கேயே கேட்டிருக்கலாம், அந்நியர் வண்டியின் கவரைப் பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கலியமூர்த்தி சிரித்தார். "கிழிங்க சாரு, உள்ள இன்னா இருக்குதுன்னு நானும் பாக்கறேன். வாங்கின அன்னிக்கே மாட்டின கவர், இத்தினி வருசமா அது மேலதான் குந்திக்கினு போறோம்" என்றார். கோவிந்தராசு பிளேடால் தையலைப் பிரித்தார். உள்ளே ஓரத்து இரண்டு பெல்ட்டும், நடு இடத்து இடுப்பு பெல்ட்டும், கொக்கிகளும் மடித்து வைத்தபடியே கிடந்தன, ஒரு சுருக்கம் இல்லை, விவரம் அச்சிட்ட லேபிள்கூடக் கழலவில்லை. இருக்கை அழுக்காகக் கூடாது என்று கவர் போட்டு, ஆளைக் காப்பாற்றுகிற பொருளை அதற்கடியில் தைத்து மூடிவிட்டு, அதன்மேல் அவர் குடும்பமே திருப்பதி வரை போய்வந்திருக்கிறது. புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் பெல்ட்டை நுழைத்து, முழங்காலால் சீட்டை அழுத்தி, இழுத்து மாட்டினேன். பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். சீட் அசையவில்லை, வண்டிதான் அசைந்தது.

இத்தனையும் சொன்னபிறகும் அம்மா மனம் இறங்கவில்லை. வண்டியை வாங்கு, ஆனால் பேரன் என் மடியில்தான் வருவான் என்றாள். நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவன் என்ற நினைப்பில் ஏதோ விளக்கப் போனேன், அவள் பாதியில் நிறுத்தி, "பேச்சு வேணாம். ஒன்னு அந்த நாக்காலியில வையி, ஒன்னு எங்கிட்ட குடு, எது நிக்குதுன்னு பாத்துடலாம்" என்றாள். சோதனை என்றால் இரண்டும் ஒரே எடையாக இருக்க வேண்டும். பெரிய மார்க்கெட்டுக்குப் போய் நீ எழுதிய அமுதனின் எடைக்கு இரண்டு வெள்ளைப் பூசணிக்காய் பொறுக்கினேன். ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றி இறக்குவதைப் பார்த்த கடைக்காரம்மா, "இன்னா சாரு, திருஷ்டி சுத்தறதுக்குக்கூட எடை பாத்தா வாங்குவாங்க" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்தியிடம் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கேட்டு வாங்கினோம். தொழிற்பேட்டை உள் சாலையில் ஞாயிறு அன்று ஆடுகளைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். அமுதனின் சீட்டில் ஒரு பூசணிக்காயை வைத்துப் பட்டையை மாட்டினேன். அம்மா பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்து இன்னொன்றை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். "வண்டிய வாங்கறதுக்கு முன்னாடியே காய் ஒடைக்கறதா சார், பூசை போட்டப்பறந்தான ஒடைப்பாங்க" என்று கோவிந்தராசு கேட்டார். பெரிய வேகம் எதுவும் வேண்டாம், ஊருக்குள் போகிற வேகத்தில் போய், சொல்லாமல் ஒரு தடவை பிரேக்கை மிதியுங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் உட்கார்ந்து நானும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் மிதித்தார். என் முதுகுக்குப் பின்னால் யாரோ இருக்கையை உதைத்தது போல ஒரு இடி. திரும்பிப் பார்த்தால் அம்மாவின் இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி வெறுமையாக இருக்கிறது, காய் என் இருக்கையின் முதுகில் மோதிக் கீழே விழுந்து பிளந்து கிடக்கிறது, விதையும் தண்ணீரும் அவள் புடவை முழுக்க. பக்கத்தில் அந்த இன்னொன்று, வைத்தது வைத்தபடி, தலை மட்டும் லேசாகச் சாய்ந்தாற்போல உட்கார்ந்திருக்கிறது.

நிலைம விதி நடத்தும்போது வகுப்பில் கண்ணாடித் தம்ளர்மேல் அட்டை வைத்து, அட்டைமேல் காசு வைத்துச் சுண்டிக் காட்டுவேன், அட்டை பறந்துபோகும், காசு தம்ளருக்குள் விழும், பிள்ளைகள் கை தட்டுவார்கள். ஒவ்வொரு வருடமும் அதே காசு, அதே கைதட்டல். அன்றைக்குத்தான் அந்த விதி எவ்வளவு பெரியது, யாருடைய அன்பையும் அது கேட்பதில்லை என்பது எனக்கு உடம்பில் ஏறியது. "திருஷ்டி கழிஞ்சிபோச்சு சார்" என்று சொல்லவந்த கோவிந்தராசு அம்மா முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவளுக்கு அடி எதுவும் இல்லை, பயப்படாதே, மணிக்கட்டில் மட்டும் கொஞ்சம் வலி, தைலம் தேய்த்துச் சரியாகிவிட்டது. இப்படி ஒரு சோதனைக்கு நான் சம்மதித்தது சரிதானா என்று இப்போதும் யோசிக்கிறேன். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி, வண்டியைச் சுற்றிவந்து, அந்தப் பக்கக் கதவைத் திறந்து, பட்டைக்குள் இருந்த காயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "கெட்டியாத்தான் புடிச்சினு இருந்தேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோவிந்தராசுவின் காரில் வீடு திரும்புகிற வழி முழுவதும் ஒரு கையை அந்தச் சீட்டின் விளிம்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாளே வண்டியைப் பேசி முடித்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டு ஜன்னல் ஓரமும் இரண்டு சீட்டும் இறுக்கமாக உட்கார்ந்துவிட்டன. நடுவில் மிச்சம் இருக்கிற அகலத்தையும் அளந்தேன், பிறகு அம்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பின்னால் போய் நாடாவைப் பிடித்தேன், "எதுக்கு என்னிய அளக்கற" என்று சத்தம் போட்டாள். இடம் போதும், தீபா. நான்கு விரற்கடை மிச்சம்கூட இருக்கிறது, நடு இடத்துக்கு இடுப்பு பெல்ட்டும் உண்டு. அம்மா இப்போது தினம் காலையில் காப்பி குடித்ததும் வண்டிக்குள் ஏறிப் பட்டையை மாட்டிக் கழற்றிப் பழகுகிறாள். கொக்கி பூட்டிக்கொள்கிற அந்த 'டக்' சத்தம் வாசல்வரை கேட்கும். முதல் இரண்டு நாள் பட்டையை முறுக்கி மாட்டினாள், இப்போது என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறாள்.

நேற்று வெள்ளிக்கிழமை மணக்குள விநாயகர் கோவில் வாசலில் வண்டிக்குப் பூசை போட்டோம். அர்ச்சகர் சந்தனம் குங்குமம் வைத்து முடித்ததும் கோவிந்தராசு மிச்சமிருந்த பூசணிக்காயை உடைக்க எடுத்தார். அம்மா அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இது ஒடைக்கற காயி இல்ல. என் பேரன் எடத்துல குந்தியிருந்தது. எலுமிச்சம்பழத்தை வச்சி ஏத்து போதும்" என்றாள். எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரம் ஏறியது, காய் பழையபடி பெல்ட் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தது. இப்போது அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைக்கோல்மேல் இருக்கிறது. வெட்டிக் கூட்டு வைக்கலாமே என்று நான் ஒரு தடவை கேட்டேன், அவள் பார்த்த பார்வையில் மறுபடி கேட்கவில்லை.

ஆகையால் நீ சென்னையில் தங்க வேண்டிய அவசியம் இல்லை என்று நான் நினைக்கிறேன். நான் அளந்ததில் ஏதாவது பிசகு இருந்தால் நீ வந்து பார்த்துச் சொல், திருத்திவிடலாம். புறப்படுமுன் இரண்டு பிள்ளைகளையும் கனமான கோட்டு இல்லாமல் எடையும், உட்காரவைத்துத் தோள் உயரமும் பார்த்து எழுது, பட்டையை எந்தத் துளையில் போடுவது என்று முன்கூட்டியே பார்த்து வைக்கிறேன். யாழினி, அமுதன் இருவருக்கும் எங்கள் முத்தங்கள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் மணக்குள விநாயகர் எல்லா நலமும் கொடுப்பார், குறைவில்லாமல் இருங்கள். மறக்காமல் ஒன்று. அம்மா உன்னிடம் நேராகக் கேட்க மாட்டாள், என்னை எழுதச் சொன்னாள். விமான நிலையத்தில் நீ எல்லாப் பட்டையையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் இழுத்துப் பார்த்துக்கொள், அவள் குறுக்கே வர மாட்டாள். அமுதனின் கொக்கியை மட்டும் அவள் பூட்டட்டும்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
கன்னியப்பன்