ஸ்பேர் டிக்கெட்

மார்ச் 3, செவ்வாய்

காலை முதல் வண்டிக்கு ஓட்டுநர் வரவில்லை. ஸ்பேர் ஆளை ஏற்றி அனுப்பினேன். ஆறு நிமிடம் தாமதம், அவ்வளவுதான். பஸ் டிப்போவில் இருபத்தாறு வருடமாக எந்த வண்டிக்கு யார், எத்தனை மணிக்கு என்று டூட்டி சீட் எழுதுவது நான்தான். அடியில் ஸ்பேர் என்று ஒருவர் பெயரை எழுதாமல் ஒரு சீட்டும் என் கையை விட்டுப் போனதில்லை. அந்த ஆள் எல்லோருக்கும் முன்னால் வந்து பெஞ்சில் உட்கார வேண்டும். கூப்பிட்டால் வண்டி ஏற வேண்டும். கூப்பிடாவிட்டால் சும்மா உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மாலையில் மகள் வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே, "அம்மா, நாம ரெண்டு பேரும் தீம் பார்க் போறோம். லீவு போடு" என்றாள்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது, அவளுக்கு முப்பத்திரண்டு. இந்த வயசுல ராட்டினமா என்று கேட்டேன்.

"பன்னெண்டு வயசுல போயிருக்கணும். போகல. இப்பப் போலாம்."

சரி என்றேன். யோசிக்காமல் எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மார்ச் 5, வியாழன்

ஏப்ரல் 18, 19 இரண்டு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். எங்கள் சூப்பர்வைசருக்கு டிப்போவில் 'அவசரம்' என்று பெயர். டீயைக்கூட நடந்துகொண்டே குடிப்பார். அவரே நின்றுவிட்டார். "உடம்புக்கு என்னம்மா?" என்றார். தீம் பார்க் போகிறேன் என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மறுபடி வாங்கி ஒரு தடவை படித்துப் பார்த்தார்.

மார்ச் 8, ஞாயிறு

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை. பல் செட் செய்யும் லேபில் வேலை. ஞாயிறன்றும் வேலை இருக்கிறது என்கிறாள். ஒன்றரை வருடமாக அப்படித்தான்.

தனியாக உட்கார்ந்து பயணத்துக்குச் சீட் போட்டேன். 6.30 பஸ் ஸ்டாண்ட். 9.15 நுழைவு. 9.40 படகு. 10.20 குட்டி ரயில். 10.50 தண்ணீர் குடிக்க. ராட்சத ரோலர் கோஸ்டருக்குக் கேள்விக்குறி போட்டேன்.

மார்ச் 11, புதன்

மகள் என் சீட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "பாத்ரூம் போறதுக்கு ஏழு நிமிஷமா? நாம என்ன பஸ்ஸாம்மா?" கேள்விக்குறியை அவளே அடித்துவிட்டு 'கட்டாயம்' என்று எழுதினாள். முன் வரிசையாம். நானும் அவளும்தானாம்.

வெளியில் முணுமுணுத்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 14, சனி

இருபது வருடத்துக்கு முன்னால் இதேபோலக் கிளம்பினோம். இவளுக்குப் புதுத் தொப்பி. விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது வாசலில் இவள் அப்பாவுடைய ஷூ இல்லை. எங்கேயோ பக்கத்தில் போயிருப்பார் என்று பத்து மணி வரைக்கும் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு தானாகவே கழற்றி அலமாரியில் வைத்தாள். நான் பதினொரு மணிக்கு டூட்டிக்குப் போனேன்.

நான்கு நாள் கழித்துக் கடிதம் வந்தது. வேறு ஊரில் இருக்கிறாராம். தேட வேண்டாமாம். நான் தேடவில்லை. மகளிடம் அவரைப் பற்றி நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை.

இதை எதற்கு இப்போது எழுதுகிறேன்?

மார்ச் 17, செவ்வாய்

டிக்கெட் போட்டாகிவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில், யார் உதவியும் இல்லாமல், நானே.

மார்ச் 18, புதன்

டிக்கெட்டைப் பெருமையாக நீட்டினேன். மகள் வாங்கிப் பார்த்தாள். முகம் மாறிப்போனது.

"மூணு டிக்கெட்டா?"

நானும் எட்டிப் பார்த்தேன். எத்தனை பேர் என்ற இடத்தில் மூன்று. இரண்டு பேர், ஒரு ஸ்பேர். கை தன் பாட்டுக்கு அடித்திருக்கிறது! சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"உனக்கு எப்பம்மா தெரியும்? யாரு சொன்னாங்க? அப்பாவைப் பாக்கறேன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒன்றரை வருஷமா தவிச்சுக்கிட்டிருக்கேன்..."

அவர் இந்த ஊருக்கே திரும்பி வந்திருக்கிறார். தனியாகத்தான் இருக்கிறாராம். பல் செட் கேட்டு லேபுக்கு வந்தவரை இவள் டாக்டர் சீட்டில் பெயரைப் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறாள். "மேல் வரிசை முழுக்க நான்தாம்மா செஞ்சு குடுத்தேன்." ஞாயிற்றுக்கிழமை வேலை என்ன என்று புரிந்தது.

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீயா அவரைக் கூப்பிடுவேன்னு நான் கனவுலகூட நினைக்கலம்மா. உன்னை மாதிரி யாரு இருக்கா?"

நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

மார்ச் 19, வியாழன்

மேல் வரிசை முழுக்கப் போய்விட்டதா? அறுபத்து மூன்றுதானே ஆகிறது.

மார்ச் 21, சனி

சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன? செய்யாத நல்ல காரியத்துக்கு இவ்வளவு நல்ல பெயர். போனில் குரலே வேறு மாதிரி இருக்கிறது, பாதி பேச்சில் பாட்டு. "அப்பாகிட்ட இன்னும் சொல்லலம்மா, ஞாயித்துக்கிழமை நேர்ல சொல்றேன்" என்கிறாள்.

ஆனால் நான் கூப்பிடவில்லையே! இருபது வருடம் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்தேன் — ஒரு நாள், ஒரே ஒரு நாள் நானும் என் பெண்ணும் முன் வரிசையில் உட்கார ஆசைப்பட்டேன். அதிலேயும் வந்து நிக்கணுமா இந்த மனுஷன்? எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வேறு பெயர் வைத்து ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

மார்ச் 24, செவ்வாய்

சொல்லிவிட்டேன். "அது உங்க அப்பாவுக்குப் போட்ட டிக்கெட் இல்ல. ஸ்பேர். பழக்க தோஷம்."

மகள் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தாள். "ஆறு நாளா சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தியேம்மா. அவர்கிட்ட ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டேன்."

டிக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். கதவை அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சாத்தினாள்.

மார்ச் 27, வெள்ளி

போன் இல்லை.

மார்ச் 30, திங்கள்

போன் இல்லை. இன்று ஒரே ஓட்டுநருக்கு இரண்டு வண்டி போட்டுவிட்டேன். 'அவசரம்' தானே அதைத் திருத்திவிட்டார், ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

மகள் வந்தாள். உட்காரவில்லை.

"நடந்ததை அவர்கிட்ட அப்படியே சொன்னேன். கோவப்படுவார்னு நினைச்சேன். 'ஸ்பேர்னா என்ன செய்யணும்?'னு கேட்டார். சொன்னேன். 'அப்ப ஸ்பேராவே வரேன். பையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கூப்பிடலைன்னா ஒண்ணுமில்ல'ன்னார்."

பிறகு, "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லும்மா. நாம மட்டும் போவோம். எனக்கு நிஜமாவே வருத்தமில்ல" என்றாள். வருத்தம் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

யோசிக்க வேண்டும் என்றேன்.

ஏப்ரல் 9, வியாழன்

சீட்டைத் திருத்தி எழுதினேன். வேலை, வேலையாக இருக்க வேண்டும். அடியில்: ஸ்பேர் — 6.30, பஸ் ஸ்டாண்ட், கடிகாரத்துக்குக் கீழே. வராவிட்டால் வண்டி நிற்காது.

மகளிடம் கொடுத்தனுப்பினேன். பெயர் எழுதவில்லை. எழுத வரவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

இரண்டு துண்டு, தண்ணீர் பாட்டில், தலைவலி மாத்திரை. மகள் இங்கேயே தங்கிவிட்டாள். அலமாரியில் எதையோ தேடினாள். அந்தத் தொப்பிதான். தலையில் நிற்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். "வருவார் இல்லம்மா?" என்று இரண்டு தடவை கேட்டாள். முப்பத்திரண்டு வயது.

நாளைக்கு அந்த ஆள் வராமல் போனால் நான் அவரை மன்னிக்கப் போவதில்லை. வராவிட்டால்தான் எனக்கு வசதி என்று போன வாரம்வரை நினைத்தேன்.

ஏப்ரல் 18, சனி

பார்க்கை ஒட்டிய விடுதி அறை. ராத்திரி ஏழு மணி. மகள் குளிக்கிறாள். கால் வலி உயிர் போகிறது.

காலை 6.15க்கே பஸ் ஸ்டாண்ட் போய்விட்டோம். கடிகாரத்துக்குக் கீழே ஆள் இருந்தது. டீக்கடைக்காரர் சொன்னார்: "அஞ்சு மணிலேருந்து நிக்கிறாரு, உக்காருங்கன்னாலும் கேக்கல." இளைத்துவிட்டார். மகள் செய்த பல் நன்றாகவே பொருந்தியிருக்கிறது. "வந்துட்டேன்" என்றார். நான் சீட்டை எடுத்து ஸ்பேருக்கு நேராக டிக் போட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பஸ்ஸில் எங்களுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்தார். பார்க்கில் சொன்னபடி பெஞ்சில் உட்கார்ந்து பைகளைப் பிடித்துக்கொண்டார். படகுக்கும் ரயிலுக்கும் நாங்கள் போய்த் திரும்பும்போதெல்லாம் அதே இடத்தில், பைகளின் வார் கையில் சுற்றியபடி. ரோலர் கோஸ்டரில் முன் வரிசை, நானும் மகளும். உச்சியில் வண்டி ஒரு கணம் நின்றது. அப்புறம் நான் கத்திய கத்தலுக்கு என் குரலே போய்விட்டது. அவள் என் கையை விடவில்லை. எனக்கு வேண்டியது அதுதான். கிடைத்துவிட்டது.

இறங்கியதும், "இன்னொரு தடவைம்மா" என்றாள் மகள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். பெஞ்சைப் பார்த்தேன். அவர் எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பேரைக் கூப்பிடு" என்றேன்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓடினாள்.

அவர் பைகளை ஒவ்வொன்றாக என் பக்கத்தில் வைத்தார். திரும்பிக்கொண்டு பல் செட்டைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றினார். யாரிடம் கொடுப்பது என்று ஒரு நொடி நின்றார். நான் கையை நீட்டினேன்.

அவர்கள் மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையில் போட்டால் அமுங்கி உடைந்துவிடும் என்று, இறங்கி வரும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.